ஜீப் நிற்காமல் போகும் வாசல்

போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் விடிகாலை நான்கு மணிக்கே ஜீப்புகள் கிளம்பிவிடும். சிலமலை, ராசிங்காபுரம், சில்லமரத்துப்பட்டி, டொம்புச்சேரி என்று ஊர் ஊராக வாசலில் நின்று ஹாரன் அடித்து ஆள் ஏற்றிக்கொள்ளும். முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் போகும். ஏலத்தோட்டங்கள் கேரளத்தில், இடுக்கி மாவட்டத்தில். வேலைக்குப் போகும் பெண்களில் பெரும்பகுதி நம் ஊர்க்காரர்கள்.

ஏலச்செடியில் காய் உச்சியில் பிடிப்பதில்லை. தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில்தான் பிடிக்கும். அதனால் காய் எடுக்கிறவள் நாள் முழுக்கக் குந்தியும் குனிந்தும் இருந்தாக வேண்டும். மேலே மழை, கீழே ஈரச் சருகு, காலில் அட்டை. இருபது வயதில் மலையேறத் தொடங்கியவளுக்கு அறுபதை நெருங்கும்போது முழங்காலும் இடுப்பும் போய்விடுகின்றன. கூட வந்தவர்கள் வரிசையை முடிக்கும்போது அவள் பாதியில் நிற்கிறாள். ஒரு சீசன் முடிந்து அடுத்தது தொடங்கும்போது ஜீப் அவள் வாசலில் நிற்காமல் போய்விடுகிறது. கங்காணி சண்டை போட்டு நிறுத்துவதில்லை. "அடுத்த வாரம் பாப்பம் அத்தை" என்பார். அந்த அடுத்த வாரம் வராது.

முதியவர்களின் தற்கொலையைப் பற்றி என்னிடம் யாராவது கேட்டால் நான் இந்த ஜீப்பிலிருந்துதான் பேசத் தொடங்குவேன். கூலி நின்றதால் மட்டும் யாரும் சாவதில்லை. உடல் நோவு, மனச்சோர்வு, துணையின் இழப்பு, வீட்டுச் சண்டை, கடன், கையெட்டும் தூரத்தில் இருக்கும் விஷம் என்று பல கயிறுகள் சேர்ந்துதான் இறுகுகின்றன. ஆனால் தன்னை யாரும் எதிர்பார்க்கவில்லை என்ற எண்ணம் ஒருவருக்குள் எப்போது நுழைந்தது என்று பின்னோக்கிப் போய்க் கேட்டால், இந்த மலையடிவாரத்தில் பல பேர் சொல்வது அந்த விடிகாலையைத்தான்.

நான் செவிலியர். முன்பு ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்தேன். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. அதன் பிறகு நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியராக வெளியே வந்தேன். படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் கட்டுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, வலிக்கு மருந்து பார்ப்பது என் வேலை. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவர்கள் "அக்கா, அந்த வீட்டுப் பெரியவரு சரியில்ல, ஒருக்கா வாங்க" என்று கூப்பிட்டால் நான் போவேன். இந்தக் கட்டுரையில் வரும் பெரியவர்களின் ஊரையும் உறவையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

அவசரப் பிரிவில் இருந்தபோது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தனக்குத் தானே தீங்கு செய்துகொண்டு வரும் இளம் வயதினரில் பலரைக் காப்பாற்றி அனுப்பிவிடுவோம். பெரியவர்கள் வந்தால் கை நடுங்கும். உடம்பில் தாங்கும் சக்தி இருக்காது. கண்டுபிடித்துத் தூக்கிவருவதற்குள் நேரம் போயிருக்கும். முன்கூட்டி யாரிடமும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். உலக ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு மரணத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட முயற்சிகள் இருக்கின்றன. முதியவர்களிடம் அது நான்கு என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. மருத்துவமனை வாசலில் காத்திருந்து இவர்களைக் காப்பாற்ற முடியாது என்பது அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. அதற்கு முந்தைய மாதங்களில் அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போயிருக்க வேண்டும்.

எத்தனை பேர் என்ற கணக்கும் திண்ணைக்குப் போகிறவர்களுக்குத்தான் தெரியும். 2022-இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. அது காவல் நிலையத்தில் பதிவானது மட்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, கணியம்பாடி ஒன்றியத்தில் 1994-இலிருந்து ஒவ்வொரு மரணத்தையும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் மூலம் விசாரித்துப் பதிந்தது. 55 வயதைத் தாண்டியவர்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 189 பேர் தற்கொலையால் இறந்திருந்தது அதில் தெரியவந்தது. அரசு ஏடுகளில் வரும் எண்ணைவிடப் பல மடங்கு. அந்த ஆய்வை முதன்முதலில் படித்தபோது நான் எண்ணைவிட அதை எடுத்துவந்த பெண்களையே நினைத்தேன். பிரசவம் பார்க்கவும் எடை போடவும் போனவர்களிடம்தான் அந்த வீடுகள் உண்மையைச் சொல்லியிருக்கின்றன. நம் ஊரில் அதையே "வயித்துவலி தாங்காம" என்று எழுதி முடித்திருப்பார்கள்.

வயிற்றுவலி இருந்தது பொய்யாக இருக்காது. எங்கள் பெரியவர்கள் மனச்சோர்வை மனச்சோர்வு என்று கொண்டுவருவதில்லை. வயிற்றில் எரிச்சல், நெஞ்சுப் படபடப்பு, கை கால் ஓய்ச்சல், தலையில் கிறுகிறுப்பு, சோறு இறங்கவில்லை என்றுதான் வருவார்கள். ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பினால் அடுத்த வாரம் வேறு மருத்துவரிடம் போவார்கள். இந்தியா முழுவதும் 2017–18-இல் முதியவர்களிடம் எடுத்த பெரிய கணக்கெடுப்பில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.3 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு நோய் இருக்கும் அறிகுறிகள் தெரிந்தன. தனக்கு அந்த நோய் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்றவர்கள் 0.8 சதவீதம்தான். பத்தில் ஒன்பது பேருக்குப் பெயரே சொல்லப்படவில்லை.

ஏன் சொல்லப்படவில்லை என்று எனக்குத் தெரியும். "வயசானா அப்படித்தான்" என்ற பேச்சை வீட்டாரும் சொல்கிறார்கள், மருத்துவரும் சொல்கிறார், பெரியவரே சொல்கிறார். இருபத்தைந்து வயதுப் பையன் மூன்று வாரம் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தால் வீடு அலறும். எழுபது வயதுக்காரர் கிடந்தால் போர்வையை இழுத்துவிட்டுப் போவோம். முதுமை துக்கமாகத்தான் இருக்கும் என்பதை நான் ஏற்கவில்லை. படுக்கையோடு படுக்கையாக, இரண்டு காலும் விளங்காமல், வெற்றிலைக்கு ஆள் அனுப்பி ஊர்க் கதை கேட்டுச் சிரிக்கும் கிழவிகளை எனக்குத் தெரியும். சாவைப் பற்றி அவர்களும் பேசுவார்கள்.

இந்த இடத்தில்தான் என் தொழிலின் நுணுக்கம் இருக்கிறது. சாவுக்கு ஆயத்தமாக இருப்பது வேறு, சாவைத் தேடுவது வேறு. "எமன் கூப்பிட்டாப் போக வேண்டியதுதான்" என்று எங்கள் பக்கம் எல்லாப் பெரியவர்களும் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவரிடம் நான் அடுத்ததாக, "அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்பேன். பேத்தி சடங்கு, பரமசிவன் கோயில் திருவிழா, மாடு ஈனுவது, வம்பு வழக்கில் தீர்ப்பு என்று ஏதாவது ஒன்று வந்து விழும். அது வந்துவிட்டால் எனக்கு மூச்சு வரும். ஒன்றும் வராமல், "என்ன இருக்கு பாக்க" என்று முடிந்தால் நான் பையைக் கீழே வைத்து உட்கார்ந்துவிடுவேன்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஓர் அம்மாச்சி. ஜீப் நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. மகன் திருப்பூரில். மருமகள் ஏலக்காய் தரம் பிரிக்கும் இடத்துக்குக் காலையில் போனால் பொழுதுசாயத்தான் வருவாள். இரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது என்று தன்னார்வலர் அழைத்திருந்தார். மாத்திரைப் பட்டைகள் பிரிக்காமலே மாடக்குழியில் இருந்தன. வளர்த்த கோழிகளை அண்டை வீட்டுக்குக் கொடுத்திருந்தார். சீட்டுப் பாக்கியைக் கட்டி முடித்திருந்தார். மருமகள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். எனக்கு அடிவயிறு கலங்கியது.

"அம்மாச்சி, ராத்திரி தூக்கம் எப்படி?"

"அது எங்க தாயி வருது. மூணு மணிக்கே முழிப்புத் தட்டிருது."

"முழிச்சதும் என்ன நெனப்பு ஓடும்?"

"என்னத்த ஓட. இன்னைக்கும் விடியப்போகுதேன்னு இருக்கும்."

"விடியாமலே போனாத் தேவலைன்னு இருக்குமா?"

"இருக்கும்."

"நாமளே ஏதாச்சும் பண்ணிக்கிருவோம்னு தோணியிருக்கா?"

அவர் வாசலைப் பார்த்தார். மருமகள் அடுப்படியில் இருப்பதை உறுதிசெய்துகொண்டார். "ஒங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன் தாயி" என்றார்.

இந்தக் கேள்வியைக் கேட்கப் புதிதாக வரும் செவிலியர்கள் பயப்படுகிறார்கள். இல்லாத நினைப்பை நாமே ஊட்டிவிடுவோமோ என்று நினைக்கிறார்கள். அப்படி நடப்பதாக எந்த ஆய்வும் சொல்லவில்லை. நேராகக் கேட்கப்பட்டவர்களின் தவிப்பு குறைகிறது என்பதே தெரிந்திருக்கிறது. நான் பார்த்த வரையில், கேட்டதற்காக ஒருவரும் கோபப்பட்டதில்லை. தூக்கத்தில் தொடங்கி, விடியலுக்குப் போய், பிறகு இந்தக் கேள்விக்கு வருவது என் வழக்கம். முதல் வாக்கியமாக இதைக் கேட்டால் "சேச்சே" என்று கதவு மூடிக்கொள்ளும். "அப்படியெல்லாம் ஒண்ணும் நெனைக்கலையே?" என்று இல்லை என்ற பதிலை நாமே வாயில் வைத்துக் கேட்பதும் கூடாது. ஆம் என்று வந்தால், எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறார்களா, அதற்கானது வீட்டில் இருக்கிறதா என்பது வரை கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் புத்தி சொல்லக் கூடாது. "பேரப்பிள்ளைகள நெனச்சுப் பாத்தீங்களா?" என்று ஒருமுறை ஒரு வீட்டார் கேட்டபோது அந்தப் பெரியவர், "அதுகளுக்கு ஆகட்டும்னுதான்" என்றார். தான் போனால் பிள்ளைகளுக்குச் சுமை குறையும் என்று நம்புகிறவரிடம் பிள்ளைகளைக் காட்டுவது அந்த நம்பிக்கையைக் கெட்டிப்படுத்தும்.

நம் மாவட்டங்களில் இந்தச் சுமைப் பேச்சுக்கு ஒரு கனமான பின்னணி இருக்கிறது. 2010-இல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து தலைக்கூத்தல் பற்றிய செய்திகள் வெளிவந்தன. படுக்கையில் விழுந்த முதியவரை வீட்டாரே முடித்துவிடும் அந்த வழக்கம் தென்மாவட்டங்களில் அங்கங்கே இருந்ததை ஊரார் அறிவார்கள். அது கொலை. அதைத் தற்கொலையோடு சேர்த்துப் பேசக் கூடாது. ஆனால் அப்படி ஒரு வழக்கத்தைக் காதால் கேட்டு வளர்ந்த தலைமுறைதான் இன்று கட்டிலில் கிடக்கிறது. "நான் பாரமாக் கிடக்கேன்" என்று அவர்கள் சொல்லும்போது அதை அடக்கமாகவோ அலுப்பாகவோ எடுத்துக்கொள்ள என்னால் முடிவதில்லை. அவர்கள் வீட்டாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்கிறார்கள். யாராவது மறுப்பார்களா என்று பார்க்கிறார்கள். பல வீடுகளில் அந்த நேரம் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த அம்மாச்சியின் வீட்டில் அன்று செய்ய வேண்டியவை சில இருந்தன. அவர் சம்மதத்தோடு மருமகளை உட்காரவைத்துப் பேசினேன். மாத்திரையை மாதக் கணக்கில் கொடுக்காமல் வாரத்துக்கு மட்டும் கொடுக்கச் சொன்னேன். குத்தகைத் தோட்டத்துக்கு அடிக்க வாங்கிய மருந்து பின்கட்டில் இருந்தது. அதை அன்றே வீட்டைவிட்டு வெளியேற்றி, தோட்டத்துக்காரரின் ஸ்டோரில் பூட்டிவைத்தோம். மறுநாள் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். தைராய்டும் இரத்தசோகையும் பார்த்தார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கினார்கள். அந்த மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அதுவரை ஆள் தனியாக இருக்கக் கூடாது. வீட்டார் இதில்தான் தளர்ந்துபோவார்கள். நான்கு நாளில் முகம் தெளியாவிட்டால், "மாத்திரை சரியில்ல நர்சம்மா" என்று நிறுத்திவிடுவார்கள். அதனால் அடுத்து வரும் தேதியை அவர்கள் வீட்டுக் காலண்டரில் நானே பேனாவால் எழுதிவிட்டு வருவேன். எழுதிய தேதியில் போகாமல் இருக்க மாட்டேன்.

தேதி தவறாமல் போவதற்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரைப் பின்தொடர்ந்தது. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பாதிக்கு ஒரு மணி நேரப் பேச்சும், பிறகு 18 மாதங்களில் ஒன்பது தடவை போனிலோ நேரிலோ விசாரிப்பும். 2008-இல் வெளியான முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். இது எல்லா வயதினரையும் பற்றியது. முதியவர்களுக்கென்றே இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் வாரம் இரண்டு தடவை போன் செய்து நலம் விசாரிக்கும் ஏற்பாடு இருந்தது. 18,641 பேரைப் பதினோரு ஆண்டுகள் கவனித்ததில், இருபதுக்கு மேல் எதிர்பார்க்கப்பட்ட தற்கொலைகள் ஆறாக நின்றன. பலன் பெண்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. ஆண்களிடம் அப்படித் தெரியவில்லை.

அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் ஆண்கள் போனை எடுத்தால் "நல்லாருக்கேன்மா" என்று வைத்துவிடுவார்கள். நேரில் போனாலும் அதே பதில்தான். மனைவி செத்த பிறகு தனக்கு ஒரு காப்பி வேண்டும் என்று மருமகளிடம் கேட்கத் தெரியாத ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாற்பது வருடம் கேட்காமலே வந்தது. இப்போது கேட்க வேண்டியிருக்கிறது. கேட்பதைவிடக் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். பிறகு சாராயம் சேர்கிறது, தூக்கம் கெடுகிறது. இவர்களை வீட்டுக்குள் உட்காரவைத்து முகத்துக்கு நேரே கேட்டால் வாய் திறப்பதில்லை. டீக்கடை பெஞ்சில் பக்கவாட்டில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்தபடி, இந்த வருசம் காய் விலை என்ன, மழை எப்படி என்று தொடங்கினால் அரைமணி நேரத்தில் வருகிறது. அதற்கு நேரம் வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்குக் கேட்கும் வேலையில் அந்த அரைமணியை எங்கே எழுதுவது என்பது எங்களைப் போன்ற எல்லாருக்கும் உள்ள சிரமம். நான் அதை இரத்த அழுத்தம் பார்த்த நேரமாக எழுதுகிறேன். பார்க்கவும் செய்கிறேன்.

ஆண்களைப் பிடிக்க இன்னொரு இடம் உதவித்தொகை வாங்கும் நாள். முதியோர் உதவித்தொகை 2023-இல் ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாய் ஆனது. வங்கியின் ஆள் கைரேகை எந்திரத்தோடு ஊருக்கு வந்து கொடுப்பார். மண்வெட்டியும் கத்தியும் பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது. "அய்யா, நாளைக்கு வாங்க" என்பார்கள். பேரன்முன் அப்படித் திரும்பி நடக்கும் ஒருவரின் மனநிலையை அந்த எந்திரம் அறியாது. கருவிழிப் பதிவுக்கு மாற்றவோ ஆதாரைப் புதுப்பிக்கவோ ஏற்பாடு செய்வதை நான் மருத்துவ வேலையாகவே கருதுகிறேன். கோவாவில் நடந்த ஆய்வு ஒன்று இதற்குத் துணை நிற்கிறது. மனச்சோர்வு வரும் விளிம்பில் இருந்த 181 முதியவர்களில் ஒரு பகுதியினருக்கு, மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற ஊர்க்காரர்களே தூக்கத்தைச் சரிசெய்யவும் சர்க்கரையைக் கவனிக்கவும் சொல்லிக்கொடுத்து, உதவித்தொகை போன்ற அரசுத் திட்டங்கள் கிடைக்கவும் உதவினார்கள். ஒரு வருடத்தில் அவர்களில் 4.4 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு வந்தது. மற்றவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு வந்தது.

மனச்சோர்வு வரும் முன்பே போனால் தடுக்கலாம் என்ற இதை வைத்துத்தான் நான் கங்காணிகளிடம் பேசத் தொடங்கினேன். யாரையாவது ஜீப்பிலிருந்து நிறுத்தினால் எனக்கோ ஊர்த் தன்னார்வலருக்கோ ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். முதலில் தயங்கினார்கள். குறை சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். இப்போது சிலர் தாங்களாகவே போன் செய்கிறார்கள். "அந்தப் பெரியம்மாவ இந்த வருசம் கூட்டல, பாத்துக்கங்க" என்பார்கள். அது கிடைத்தால் நான் மூன்று மாதம் முன்னால் போய்விட முடிகிறது.

அந்த அம்மாச்சிக்குக் கண்ணில் புரை இருந்தது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையில் அறுவை செய்தார்கள். பார்வை தெளிந்த பிறகு பக்கத்து மூன்று வீட்டுப் பெண்கள் அவரிடம் ஒரு சோலி கொடுத்தார்கள். அவர்கள் நாலரைக்கு ஜீப் ஏறியதும் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும். எழுப்பி, தலை சீவி, பள்ளிக்கூடம் அனுப்ப ஆள் இல்லை. இவர் எப்படியும் மூன்று மணிக்கு விழிக்கிறவர். இப்போது மாத்திரை போட்டு நாலு வரைக்கும் தூங்குகிறார். பிறகு அந்தப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறார். மாதம் ஏதோ கொடுக்கிறார்கள். கோழியும் திரும்ப வாங்கிவிட்டார். மாத்திரையை இன்னும் நிறுத்தவில்லை. நிறுத்தலாமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

எல்லா வீட்டிலும் இப்படி ஆவதில்லை. மலைமேல் ஓர் ஊரில், சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த, மகன்கள் நன்றாகக் கவனித்துக்கொண்ட ஒரு பெரியவரை இழந்தோம். செய்ய வேண்டியதை எல்லாம் செய்த பிறகும் சிலர் போய்விடுகிறார்கள். அதன் பிறகு அந்த வீட்டுக்குள் யாரும் கால் வைக்கவில்லை. பிரேதப் பரிசோதனை, போலீஸ் விசாரணை, மகன்கள் சோறு போடவில்லை என்று ஊர்ப் பேச்சு. மூத்த மகன் பல மாதம் வேலைக்குப் போகவில்லை. அந்த வீட்டுக்கு நான் தொடர்ந்து போனேன். பார்க்க நோயாளி யாரும் இல்லை என்றாலும் போனேன். ஒரு தற்கொலை நடந்த வீட்டில் அடுத்தவருக்கு ஆபத்து கூடுகிறது. இதற்கு ஒரே ஒரு காரணம் என்று கிடையாது, உங்கள் மேல் பழி இல்லை என்று யாராவது அந்த மகனிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. பேரப்பிள்ளைகளிடம் "தாத்தா சாமிகிட்டப் போயிட்டாரு" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் மூலம் அவர்களுக்கு வேறு மாதிரி தெரிந்தது. தாத்தாவுக்கு மனசில் ஒரு நோய் இருந்தது, அதனால் இறந்தார் என்று வீட்டிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மருந்தைப் பூட்டுவது பற்றி மறுபடி சொல்ல வேண்டும், ஏனென்றால் என் அனுபவத்தில் ஒரே நாளில் செய்யக்கூடிய பெரிய காரியம் அதுதான். ஏலத்துக்கு அடிக்கும் மருந்து அளவு அதிகம். குத்தகைக்கு அரை ஏக்கர் பிடித்தவர் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும். தற்கொலை எண்ணம் அலையாக எழுந்து அடங்குவது. அந்த நேரத்தில் கையெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லையென்றால் பெரும்பாலானோர் தப்பிவிடுகிறார்கள், வேறு வழி தேடுவதில்லை. இலங்கையில் 1995-இல் தற்கொலை உச்சத்தில் இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ய, அடுத்த இருபது ஆண்டுகளில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில், சென்னை சிநேகா அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் ஊர்ப் பொதுவில் பெட்டகங்கள் கட்டி, ஒவ்வொரு விவசாயியின் மருந்தையும் அதில் பூட்டி வைக்கும் முறையைச் சோதித்தார்கள். வங்கிப் பெட்டகம்போல ஒரு சாவி விவசாயியிடம், ஒரு சாவி காப்பாளரிடம். ஊர்க்காரர்கள் அதை ஏற்றுப் பயன்படுத்தினார்கள். போடி மலைச்சரிவில் இதைவிட எளிது. பெரிய தோட்டங்களில் ஏற்கெனவே ஸ்டோர் இருக்கிறது. சிறு விவசாயியின் டப்பாவுக்கும் அங்கே ஓர் அலமாரி ஒதுக்க முதலாளிகள் மனம் வைத்தால் போதும். கேட்ட இடத்தில் சிலர் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் ஒரு பெரியவர் இப்படி இருந்தால், அல்லது உங்களுக்கே இந்த எண்ணம் இருந்தால், 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, இன்னொருவருக்காகவும் அழைத்து ஆலோசனை கேட்கலாம். முதியவர்களுக்கான உதவி எண் 14567. சென்னை சிநேகாவின் எண் 044-24640050. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விட்டவர்கள் விஷயத்தில் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். எழுதிக்கொடுத்ததை ரத்து செய்யவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.

ஏதாவது நடந்துவிட்டது என்றால் உடனே 108. உப்புத் தண்ணீர் கொடுப்பதும் வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டிலேயே வைத்துப் பார்ப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-ஆம் பிரிவே இல்லை. மருத்துவமனையில் இருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், ஒரு காவலர் வந்து வாக்குமூலம் எழுதிக்கொள்வார். அதற்கு மேல் பயப்பட ஒன்றுமில்லை. கூட்டிக்கொண்டு வாருங்கள்.